மரியா சிபில்லா மெரியன் கண்காட்சி: பலகையில் என்ன எழுதலாம், பிள்ளைகள் கையால் என்ன செய்து பார்க்கலாம்?

காரைக்குடி_வாசகசாலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்காக, கார்த்திகை மாதம் ஒரு பழைய வீட்டுப் பட்டாலையிலும் (கூடம்) வளவிலும் (உள்முற்றம்) மூன்று நாள் கண்காட்சி வைக்கிறோம். பொருள்: பூச்சிகளைத் தேடிக் கடல் தாண்டித் தென் அமெரிக்காவின் சுரினாமுக்குப் போன ஓவியர் மரியா சிபில்லா மெரியன். மொத்தம் 14 பலகை. முதல் பலகைக்கு எழுதி வைத்திருப்பது இது:

"1647இல் ஜெர்மனியில் பிறந்த மெரியன், ஆண் வேடமிட்டு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் தன்னந்தனியாகச் சுரினாம் சென்றார். 72 படங்கள் கொண்ட நூலை வெளியிட்டார். புழுதான் வண்ணத்துப்பூச்சி ஆகிறது என்பதை உலகில் முதன்முதலாகக் கண்டுபிடித்தவர் இவரே."

இணையத்தில் பல இடத்திலிருந்து திரட்டியது. இதில் எது சரி, எது தப்பு? பயணத்துக்கான பணம் எப்படி வந்தது? அந்தக் காலத்துச் செப்புத் தகட்டு அச்சை, எந்திரம் இல்லாமல் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்க வழி உண்டா? வளவில் உயிருள்ள புழு வளர்த்துக் காட்டலாமா, எந்தச் செடி, எத்தனை நாள்? கடைசியாக ஒன்று. மயில்கொன்றைப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதை எடுத்துவிடுவதா?

---

நாகை_ஏடு பதில்:

பிறந்த ஆண்டு சரி. 1647 ஏப்ரல் 2, பிராங்க்பர்ட். மற்ற வரிகளில் ஒவ்வொன்றிலும் ஏதாவது பிசகு இருக்கிறது.

ஆண் வேடம் மெரியனுடைய கதை அல்ல. அது ஜான் பாரே என்ற பிரெஞ்சுப் பெண்ணின் கதை. 1766இல் புறப்பட்ட பூகன்வீல் கப்பல் பயணத்தில், தாவரவியலாளர் கொமெர்சோனுக்கு உதவியாளாக ஆண் உடையில் ஏறியவர் அவர். உங்கள் ஊரில் பாதிச் சுற்றுச்சுவரில் படர்ந்து கிடக்கிற காகிதப்பூவுக்கு அந்தக் கப்பல் தலைவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். மெரியன் போனதற்கு 67 ஆண்டு கழித்து நடந்தது அது. இரண்டு பேரையும் ஒருவராக்கிவிடுகிற பக்கங்கள் நிறைய உண்டு.

தனியாகவும் போகவில்லை. 1699 ஜூனில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து புறப்பட்டபோது அவருக்கு வயது 52. கூட இளைய மகள் தொரோத்தியா மரியா, வயது 21. மகளும் ஓவியம் தெரிந்தவர், அம்மாவோடு சேர்ந்து வேலை செய்யத்தான் போனார். இதை விட்டுவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம்.

கம்பெனியும் தப்பு. நம் பக்கத்தில் டச்சு என்றதும் நாகப்பட்டினம், பழவேற்காடு ஞாபகம் வந்து, கிழக்கிந்தியக் கம்பெனி என்று எழுதிவிடுகிறோம். அந்தக் கம்பெனி 1690இல்தான் சோழமண்டலத் தலைமையைப் பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாற்றியது, ஆக காலம் ஒன்றுதான். ஆனால் சுரினாம் அதன் கையில் இல்லை. 1683 முதல் சுரினாம் சங்கம் என்ற தனி அமைப்பு அதை நடத்தியது. அதில் பங்கு மூன்று பேருக்கு: ஆம்ஸ்டர்டாம் நகரம், மேற்கிந்தியக் கம்பெனி, வான் சொமெல்ஸ்தைக் குடும்பம்.

இந்தக் கடைசிப் பெயரைப் பிடித்து வையுங்கள், மெரியன் ஏன் சுரினாமைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1680களின் நடுவில், கணவர் கிராஃபை விட்டுப் பிரிந்து, தாயோடும் இரண்டு மகள்களோடும் பிரீஸ்லாந்தில் வீவெர்ட் ஊரில் லபாதி சபையாரிடம் போய்ச் சேர்ந்தார். சொத்தைப் பொதுவில் வைத்து எளிமையாக வாழ்ந்த சபை அது. அவர்கள் குடியிருந்த மாளிகை, சுரினாம் ஆளுநராக இருந்த சொமெல்ஸ்தைக்கின் சகோதரிகளுடையது. சபைக்குச் சுரினாமிலும் லா பிராவிடன்ஸ் என்று ஒரு தோட்டம் இருந்தது. அங்கிருந்து வந்த பொருள்களும் செய்திகளும் இவர் காதுக்கும் கண்ணுக்கும் எட்டின. தாய் 1690இல் இறந்தபின், 1691இல் ஆம்ஸ்டர்டாமுக்குக் குடிபெயர்ந்தார்.

72 படம் என்பது அவர் இறந்த பிறகு 1719இல் வந்த பதிப்பு. அவரே தன் செலவில் 1705இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டதில் 60 படம். இலத்தீனிலும் டச்சிலும் வந்தது. அவர் இறந்தது 1717 ஜனவரி 13.

"முதன்முதலாகக் கண்டுபிடித்தவர்" என்ற வரியை எடுத்தே விடுங்கள். பட்டு வளர்த்தவர்களுக்கு அது முன்பே தெரியும். அழுகலிலிருந்து பூச்சி தானாகப் பிறக்கும் என்ற நம்பிக்கையை இத்தாலியில் ரெடி 1668இல் சோதனை செய்து மறுத்தார். ஹாலந்தில் ஸ்வாமர்டாம் 1669இல் பூச்சிகளின் உருமாற்றம் பற்றி நூலே போட்டுவிட்டார். மெரியனின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. அதைத் தேவகோட்டை அம்மா எழுதுவார்கள்.

பணம்: கடல் கடந்து கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) போன கதைகள் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், முதல் எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் கேட்பார்கள். 1699 தொடக்கத்தில் தன்னிடமிருந்த 255 ஓவியங்களை விற்பனைக்கு விட்டார். எந்த அரசரும் எந்தக் கழகமும் அவரை அனுப்பவில்லை. புறப்படுமுன் உயிலும் எழுதி வைத்தார். திரும்பி வந்து புத்தகம் போட்டு, அதை விற்று ஈடுகட்டலாம் என்பதுதான் கணக்கு. அங்கே இருந்த கரும்புத் தோட்டக்காரர்கள், சர்க்கரையை விட்டுவிட்டு வேறெதையோ தேடுகிறாளே என்று தன்னைக் கேலி செய்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

---

தேவகோட்டை_தமிழாசிரியை பதில்:

நாகை ஐயா சொன்னதைத் தொடர்கிறேன். 14 பலகையில் எட்டு பலகையைப் பயணத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். கப்பல், காடு, காய்ச்சல் என்று சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள், உண்மைதான். ஆனால் பார்த்து முடித்ததும் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. மெரியன் *என்ன செய்தார்* என்பதைக் காட்டினால், மறுநாளே தங்கள் கொல்லையில் அதைச் செய்து பார்ப்பார்கள்.

அவர் செய்தது இது. அதுவரை பூச்சிகளை வரைந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்து வரைந்தார்கள். வண்ணத்துப்பூச்சி ஒரு பக்கம், புழு வேறு பக்கம். மெரியன் ஒரு செடியை நடுவில் வைத்து, அதை எந்தப் புழு தின்கிறதோ அதை அந்த இலையிலேயே, கடித்த ஓட்டையோடு வரைந்தார். பக்கத்தில் கூட்டுப்புழு, மேலே விரிந்த சிறகு, சில படங்களில் முட்டையும். எது எதைத் தின்று எதுவாகிறது என்பது ஒரே தாளில் தெரிந்துவிடும். 1679இல் வந்த கம்பளிப்புழு நூலிலேயே 50 படம் இப்படித்தான். 1683இல் இன்னும் 50. சுரினாம் போகும்போது இந்த வேலையில் அவருக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுப் பழக்கம் இருந்தது. பதின்மூன்று வயதில் பட்டுப்புழுவில் தொடங்கியவர். முசுக்கொட்டை இலை கிடைக்காதபோது கீரை வகை இலையான லெட்டூஸ் போட்டாலும் பட்டுப்புழு தின்னும் என்பது வரை குறித்து வைத்தார்.

அவருடைய குறிப்பேட்டைப் பற்றி ஒரு பலகை கட்டாயம் வேண்டும். சிறிய தோல்தாள் துண்டில் ஒரு புழு, ஒரு கூடு, ஒரு பூச்சி. அதைச் சுற்றி நீலத் தாளில் சட்டம் போல ஒட்டியிருக்கும். எதிரே எழுத்து: என்று பிடித்தேன், என்ன தின்றது, எப்போது கூடு கட்டியது, எப்போது வெளியே வந்தது. பிள்ளைகளுக்கு நம் வீட்டுக் கணக்கேட்டைச் சொல்லுங்கள். தேதி, வரவு, செலவு, இருப்பு என்று ஒரு வரி விடாமல் எழுதிய ஆயாக்களையும் ஐயாக்களையும் தெரிந்த பிள்ளைகள்தானே.

புழுவிலிருந்து சில நேரம் வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்ன ஈக்களும் குளவிகளும் வந்தன. அதையும் மறைக்காமல் எழுதி வைத்தார். புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிகள் அவை என்று இன்று நமக்குத் தெரியும். காரணம் விளங்காதபோதும் கண்டதை எழுதி வைத்தாரே, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுரினாமிலும் அதே முறைதான். உடல் மெத்தென்று இருக்கிற புழுவையும் கூட்டையும் பாதுகாக்க முடியாது, நிறம் போய்விடும். ஆகவே அவற்றை அங்கேயே, உயிரோடு இருக்கும்போதே தோல்தாளில் வரைந்தார். உலர்த்திக் கொண்டுவரக்கூடிய வண்ணத்துப்பூச்சி, சாராயத்தில் போட்டு வைக்கக்கூடிய பாம்பு, ஓணான் இவற்றை ஆம்ஸ்டர்டாம் வந்து வரைந்தார். 1700 ஏப்ரலில் ஆற்றில் மேலேறி லா பிராவிடன்ஸ் தோட்டத்துக்கும் போனார். மொத்தம் ஐந்தாண்டு தங்க நினைத்ததாகவும் சொல்வார்கள், அதைப் பலகையில் போட வேண்டாம். உறுதியானது: 1701 ஜூன் 18 அன்று நோயோடு புறப்பட்டு, செப்டம்பர் 23 அன்று ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். தங்கியது 21 மாதம்.

இனி மயில்கொன்றை. எடுக்கவே கூடாது என்பது என் எண்ணம்.

முதலில் செடி எது என்று தெளிவாக்குங்கள். சாலையோரம் குடை பிடித்த மாதிரி நிற்கிற பெரிய மரம் அல்ல. வீட்டு வாசலில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வளர்கிற, சிவப்பும் மஞ்சளும் கலந்த பூவில் நீண்ட மகரந்தக் கம்பிகள் தொங்குகிற குறுஞ்செடி. செட்டிநாட்டில் இதைப் பார்க்காத பிள்ளை கிடையாது. சுரினாம் நூலில் 45ஆம் படம். அதற்கு எழுதிய குறிப்பில் மெரியன் சொல்கிறார்: டச்சு எசமானர்கள் நல்லபடியாக நடத்தாததால், அங்கே அடிமையாக இருந்த பழங்குடிப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகப் பிறக்கக்கூடாது என்று இதன் விதையால் கருவைக் கலைத்தார்கள். கினியிலிருந்தும் அங்கோலாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளின் துயரத்தையும் அங்கேயே எழுதுகிறார். அந்தப் பெண்களே தன்னிடம் நேரில் சொன்னது என்றும் குறிக்கிறார்.

இந்தப் படத்தை எடுத்துவிட்டால் சுரினாம் அழகான பூச்சித் தோட்டம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். மெரியனும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. முள் அடர்ந்த காட்டில் தனக்கு வழி வெட்ட அடிமைகளைக் கோடரியோடு முன்னால் அனுப்பியதாக அவரே எழுதுகிறார். புழுவைக் கொண்டுவந்து கொடுத்தவர்களும், எந்த இலை எதற்கு மருந்து என்று சொன்னவர்களும் அவர்கள்தான். பெயர் ஒன்றும் நூலில் இல்லை. திரும்பும்போது ஒரு பழங்குடிப் பெண்ணையும் கப்பலில் அழைத்து வந்தார், அவர் பெயரும் இல்லை.

ஆறாம் வகுப்புக்கு இப்படி எழுதலாம்: "தங்களுக்குப் பிறக்கும் குழந்தையும் அடிமையாகவே வாழ வேண்டும் என்ற நிலையில், குழந்தையே பிறக்க வேண்டாம் என்று சில பெண்கள் இந்தச் செடியை நாடினார்கள் என மெரியன் எழுதினார்." அவ்வளவு போதும், கேட்கிற பிள்ளைக்கு ஆசிரியர் விளக்கட்டும். பலகைக்குப் பக்கத்தில் பூங்கொத்து மட்டும் வையுங்கள், காய் வைக்க வேண்டாம். விதை நச்சு.

இன்னொன்று, பிள்ளைகளுக்குப் பிடிக்கும். டச்சுக்காரர் வான் ரீட் மலையாளக் கரையில் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதியாக வந்த மலபார்த் தாவர நூலிலும் இதே செடி இருக்கிறது. அதில் பெயர் "செட்டி மந்தாரம்". அந்த நூலுக்குச் சொல்லடைவு செய்த காஸ்பர் கொமெலின்தான் மெரியன் நூலுக்குத் தாவரப் பெயர்க் குறிப்பு எழுதியவர். மலையாளத்தில் இன்றும் அந்தப் பெயர் உண்டு. ஆனால் பெயரை வைத்துக்கொண்டு நகரத்தாரோடு (செட்டிநாட்டுச் செட்டியார்களோடு) முடிச்சுப் போட்டு எழுதிவிடாதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை.

---

செப்புத்தகடு பதில்:

அச்சு வேலைக்கு வருகிறேன். வளவில் ரவிவர்மா படம் மாட்டியிருந்தால் முதலில் அதைக் காட்டி, "இது கல்லச்சு, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல்" என்று சொல்லிவிடுங்கள். மெரியனுடையது அதற்கு இருநூறு ஆண்டு முந்தியது. அது செப்புத் தகடு, அச்சில் ஒரே கறுப்பு. நிறமெல்லாம் பிறகு தூரிகையால் கையால் பூசியது. அதனால்தான் ஒரே படம் இரண்டு பிரதியில் இரண்டு நிறமாக இருக்கும். இணையத்தில் கிடைப்பதில் எல்லாமே அவர் கை நிறம் அல்ல, பின்னால் யாரோ பூசியதும் உண்டு.

அன்றைய முறை: மெருகேற்றிய செப்புத் தகட்டில் மெல்லிய மெழுகுப் பூச்சு. அதை ஊசியால் கீறினால் செம்பு தெரியும். அமிலத்தில் இட்டால் கீறிய இடத்தை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். மெழுகை நீக்கி, தேவையான கோட்டை உளியால் ஆழமாக்குவார்கள். தகடு முழுக்க மை தடவி, மேல்பரப்பைத் துடைத்துவிட்டால் பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளை அச்சில் அழுத்தினால், மெத்தென்ற தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். சுரினாம் நூலுக்குப் பெரும்பாலான தகடுகளை மெரியன் வெட்டவில்லை. ஸ்லைட்டர், முல்டர், ஸ்டோப்பெண்டால் என்று மூன்று கைவினைஞர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்தார். மூலம் அவருடைய ஓவியம்.

பிள்ளைகளுக்கு அமிலம் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் தகட்டில் கீறி எடுக்கலாம். உள்ளங்கை அளவு, 10 செ.மீ. சதுரம் போதும். ஃபைல் அட்டைக்கு மேலே வரும் கண்ணாடி மாதிரியான தடித்த ஷீட் சரியாக இருக்கும், மெல்லியது சுருண்டுவிடும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள், இல்லாவிட்டால் தாள் கிழியும். கோணி ஊசியை ஒரு பென்சில் கட்டையில் செருகிக் கட்டினால் எழுதுகோல் தயார். படத்தை அடியில் வைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்துக் கீறலாம். கோடு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது.

மை: அச்சகத்தில் கிடைக்கும் எண்ணெய் மை, ஒரு தேக்கரண்டி இருந்தால் பத்துப் பேருக்கு வரும். பழைய அட்டைத் துண்டால் தேய்த்துப் பள்ளத்தில் ஏற்றுங்கள். கஞ்சி போட்ட மல் துணியைப் பந்தாகச் சுருட்டி வட்டமாகத் துடையுங்கள். மெதுவான துணி பள்ளத்து மையையும் இழுத்துவிடும், பாதி படம் காணாமல் போவது இதனால்தான். கடைசித் துடைப்புக்கு உள்ளங்கை அல்லது பழைய செய்தித்தாள்.

தாள்: தடித்த டிராயிங் தாளைப் பத்து நிமிடம் நீரில் போட்டு எடுத்து, இரண்டு துண்டுக்கு நடுவே வைத்து ஒற்றுங்கள். தொட்டால் குளிர்ச்சி இருக்க வேண்டும், பளபளப்பு இருக்கக் கூடாது. நீர் மினுங்கினால் எண்ணெய் மை ஒட்டாது. தகட்டை மேசையில் வைத்து, தாள், அதன் மேல் ஒரு மெல்லிய தாள், பிறகு எவர்சில்வர் கரண்டியின் முதுகால் சின்னச் சின்ன வட்டமாக மூன்று நான்கு நிமிடம் அழுத்தித் தேய்க்க வேண்டும். நடுவில் தாள் நகர்ந்தால் கோடு இரட்டிக்கும். ஒரு பிள்ளை ஓரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்போது மெரியன் கையாண்ட ஒரு நுட்பம். இதைக் கட்டாயம் காட்டுங்கள். தகட்டில் "ழ" என்று கீறச் சொல்லுங்கள். அச்செடுத்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி விழும். அந்த அச்சின் மை காயுமுன் அதன் மேல் இன்னொரு ஈரத்தாளை வைத்துத் தேய்த்தால், "ழ" நேராக வந்துவிடும். மெரியன் சில சிறப்புப் பிரதிகளை இப்படி எடுத்தார். கோடு மங்கலாக விழும், தகட்டின் விளிம்புத் தடம் இருக்காது, படம் மூல ஓவியத்தின் திசைக்கே திரும்பிவிடும். அதன் மேல் நிறம் பூசினால், கறுப்புக் கோடு உறுத்தாமல் ஏறக்குறைய கையால் வரைந்த ஓவியம் போலவே தெரியும். கரண்டியால் செய்யும்போது முதல் அச்சில் மை சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் இரண்டாவது தெரியும். ஐந்து நிமிடத்துக்குள் செய்துவிட வேண்டும். கார்த்திகை ஈரத்தில் கொஞ்சம் தாங்கும், சித்திரையில் தாள் உடனே உலர்ந்துவிடும்.

பலகைக்கு: மூல நூலின் தாள் ஏறத்தாழ அரை மீட்டர் உயரம். முக்கியமான ஐந்தாறு படத்தையாவது ஏ2 அளவில் எடுங்கள், அப்போதுதான் அந்தப் புத்தகம் எவ்வளவு பெரிதாக இருந்தது என்று உறைக்கும். பழைய முட்டைப்பூச்சுச் சுவரில் டேப் ஒட்டாதீர்கள், ஆணியும் வேண்டாம். எடுக்கும்போது மெருகு பெயர்ந்து வந்தால் அந்த மெருகைத் திரும்பக் கொண்டுவருவது லேசில் முடியாது. தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்க விடுங்கள். வளவில் நேர்வெயில் விழும் பக்கம் வேண்டாம், நிறம் வெளிறும்.

---

எருக்கங்காடு பதில்:

உயிருள்ள புழு தாராளமா வளர்க்கலாம். கார்த்திகை நல்ல மாசம், ஐப்பசி மழைக்குத் துளிர் வந்திருக்கும், பூச்சியும் நிறைய இருக்கும். ஆனா கண்காட்சி மூணு நாள்தான். அந்த மூணு நாள்ல எல்லா நிலையும் தெரியணும்னா ஒரே நாள்ல சேகரிச்சா நடக்காது. முட்டையிலிருந்து சிறகு வரை கிட்டத்தட்ட மூணரை வாரம், குளிர்ந்தா நாலு வாரம்கூட ஆகும். அதனால நாலு வாரம் முன்னாடி ஒரு தொகுதி, மூணு வாரம் முன்னாடி ஒண்ணு, ஒண்ணரை வாரம் முன்னாடி ஒண்ணு, மூணு நாள் முன்னாடி முட்டை மட்டும் ஒண்ணுன்னு எடுத்து வைங்க. தொகுதிக்கு ஆறேழு போதும்.

ரெண்டு வகை வச்சுக்குங்க. எருக்கஞ்செடியில வெந்தய வரியன், அந்த ஆரஞ்சு நிறப் பூச்சி. புழுவுக்குக் கறுப்பு வெள்ளை மஞ்சள் பட்டை, முதுகுல மூணு சோடி கறுப்பு கொம்பு. உங்க ஊர்ல எருக்குக்குப் பஞ்சமே இல்ல. அடுத்தது கறிவேப்பிலை இல்லேன்னா எலுமிச்சைச் செடியில இருக்கிற புழு. சின்னதுல பறவை எச்சம் மாதிரியே இருக்கும், பெரிசானா பச்சை. தொட்டா தலைக்குப் பின்னாடி சிவப்பா ரெட்டைக் கொம்பு நீட்டி ஒரு நாத்தம் விடும். இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சா மெரியன் படத்துல இருக்கிறதை நேர்ல காட்டிடலாம்: எருக்கு தின்கிறது கறிவேப்பிலையைத் தொடாது, கறிவேப்பிலை தின்கிறது எருக்கைத் தொடாது.

முருங்கைக் கம்பளிப்பூச்சி வேண்டாம். மயிர் பட்டா பிள்ளைகளுக்குத் தடிச்சு அரிக்கும்.

சந்தையில வாங்கின கறிவேப்பிலை போடவே போடாதீங்க. மருந்து அடிச்சிருந்தா ஒரே நாள்ல புழு பச்சையா கக்கிச் சுருண்டு செத்துடும். கழுவினாலும் போகாது. வீட்டுக் கொல்லைச் செடி, அதுவும் ஒரு மாசமா மருந்து படாததுன்னு தெரிஞ்சாத்தான் எடுக்கணும்.

கூண்டு: ரெண்டடி உயரம் மரச்சட்டம் இல்லேன்னா பழைய அட்டைப்பெட்டி, நாலு பக்கமும் கொசுவலை. கண்ணாடி பாட்டில்ல மூடி வச்சா உள்ள வேர்த்து எச்சத்துல பூஞ்சை பிடிச்சு புழு கறுத்து அழுகும். கிளையை ஒரு சின்ன பாட்டில் தண்ணியில சொருகி, கழுத்தைப் பஞ்சால இறுக்கி அடைங்க. அந்த இடுக்கு விட்டீங்கன்னா புழு இறங்கித் தண்ணில விழுந்துடும். தினம் காலையில புது இலை, அடியில போட்ட தாளை மாத்தணும். கடைசி நிலையில ஒரு புழு நாளைக்கு ரெண்டு மூணு இலை தின்னும், இலை தீர்ந்தா ஒண்ணை ஒண்ணு நெருக்கும்.

எறும்புதான் பெரிய எதிரி. அடுக்களையில அலமாரிக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைப்போமே, அதே மாதிரி கூண்டுக் கால் நாலுக்கும் வைங்க. வளவு வெளிச்சம் இருக்கட்டும், நேர்வெயில் படக் கூடாது, விசிறிக் காத்தும் நேரா வேண்டாம். எருக்கு ஒடிக்கிறது பெரியவங்க வேலை. பால் கண்ணுல பட்டா பொல்லாதது. ஒடிச்ச கிளையைப் பால் வடிஞ்சு நின்னப்புறம் தண்ணில வைங்க, கையைச் சோப்பு போட்டுக் கழுவாம பிள்ளைகள் கிட்ட போக வேண்டாம்.

கூடு கட்டினதை அசைக்காதீங்க. சிறகு வெளிய வந்ததும் தலைகீழாத் தொங்கி ஒரு மணி ரெண்டு மணி நேரம் விரிச்சுக் காயணும். கீழ அரையடியாவது காலி இடம் இல்லேன்னா சிறகு மடங்கி அப்படியே காய்ஞ்சுடும், அப்புறம் பறக்காது. வெளிய வந்ததும் செம்பழுப்பா ஒரு சொட்டு விடும், பிள்ளைகள் ரத்தம்னு பயப்படும். அது கழிவுதான். மறுநாள் காலையில வெயில் வந்ததும் விட்டுடுங்க.

மெரியன் ஒரு கடிதத்துல பூச்சியைக் கொல்ற முறை சொல்லியிருக்காங்க, ஊசியைச் சூடாக்கிக் குத்தினா சிறகு சேதமாகாதுன்னு. அன்னிக்கு வேற வழி கிடையாது. நீங்க அதைச் செஞ்சு காட்ட வேண்டாம், உயிரோட விட்டுட்டுப் படம் எடுத்தாலே போதும்.

---

காரைக்குடி_வாசகசாலை:

எல்லாருக்கும் நன்றி. முதல் பலகையை மாற்றி எழுதிவிட்டோம். பயணத்துக்கு மூன்று பலகை, முறைக்கு ஏழு, மயில்கொன்றைக்கு ஒன்று. மூன்று மிச்சம். பறவையைப் பிடித்துத் தின்னும் சிலந்திப் படம் பிள்ளைகளை இழுக்கும், ஆனால் அது கற்பனை என்று ஓர் இடத்தில் படித்தோம். போடலாமா?

---

நாகை_ஏடு:

போடுங்கள். 18ஆம் படம், கொய்யாக் கிளையில். மெரியன் பொய் சொன்னார் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் கடுமையாக எழுதினார்கள். பிறகு அமேசானில் பல ஆண்டு சுற்றிய பேட்ஸ், அத்தகைய சிலந்தி சிறு பறவையைப் பிடித்ததைத் தாமே கண்டதாக 1863இல் எழுதினார். ஆனால் அதே படத்தில் ஹம்மிங்பேர்டு என்ற சிட்டின் கூட்டில் நான்கு முட்டை இருக்கிறது. அந்த இனம் இடுவது இரண்டுதான். இரண்டையும் பலகையில் சொல்லுங்கள்.

மிச்ச ஒன்றில் 49ஆம் படம் வையுங்கள். விளக்குப் பூச்சி (ஆங்கிலத்தில் லேண்டர்ன் ஃப்ளை, மின்மினி அல்ல) இரவில் நெருப்பாக ஒளிர்ந்தது என்று எழுதினார், அது ஒளிர்வதில்லை. அதே படத்தில் சில்வண்டு உடம்பில் விளக்குப் பூச்சித் தலையோடு ஓர் உருவமும் இருக்கிறது, அப்படி ஒரு பூச்சி கிடையாது. இத்தனைக்குப் பிறகும் லின்னேயஸ் 1758இல் உயிர்களுக்குப் பெயர் வைத்தபோது பல இனங்களுக்கு இவர் படத்தையே சான்றாகக் காட்டினார்.

கடைசிப் பலகைக்கு, 1990களில் ஜெர்மனியில் புழங்கிய 500 மார்க் நோட்டு. முகப்பில் மெரியன் முகம்.

---

காரைக்குடி_வாசகசாலை:

அப்படியே செய்கிறோம். எருக்கங்காடு அண்ணே, ஒரு அவசரம். முதல் தொகுதியில் இரண்டு எருக்குப் புழு நேற்று மதியத்திலிருந்து இலையைத் தொடவில்லை, அசையாமல் நிற்கிறது. செத்துவிட்டதா?

---

எருக்கங்காடு:

சாகல, தோல் உரிக்கப் போகுது. அடியில மெல்லிசா பட்டு இழை விரிச்சு அதுல காலை ஊனி நிக்கும், ஒரு நாள் வரைக்கும்கூட அப்படியே இருக்கும். கிளை மாத்துறேன்னு பிச்சு எடுத்துடாதீங்க, பிடி விட்டா தோல் கழலாம மாட்டிக்கும். அந்த இலையோட அப்படியே புதுக் கிளை மேல வைங்க. உரிச்சதும் பழைய தோலை அதுவே தின்னுடும், தலைக்கூடு மட்டும் எள்ளு மாதிரி கறுப்பா கீழ விழுந்திருக்கும். அதைப் பொறுக்கித் தாள்ல ஒட்டி, பக்கத்துல தேதி எழுதச் சொல்லுங்க. கூடு கட்டுறதுக்குள்ள நாலு கிடைக்கும், ஒவ்வொண்ணும் முந்தினதை விடப் பெரிசா இருக்கும்.